வாங்க என்று சொன்ன வாய்

எனக்கு இயல்பில் சிரித்த முகம் கிடையாது. இதைச் சொன்னால் பெரம்பலூரில் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நான் வேலை பார்த்த ஜவுளிக்கடைக்குப் போய், சிரிச்ச மூஞ்சி அக்கா எங்கே என்று கேட்டிருந்தால் வாட்ச்மேன்கூட மாடியைக் கை காட்டியிருப்பார். ஆனால் என்னைப் பெற்றவளுக்கு உண்மை தெரியும். சின்ன வயசிலிருந்தே எனக்கு மூக்குக்கு மேல் கோபம். கல்யாணமாகிப் போன இடத்திலும் அப்படித்தான் இருந்தேன். புருஷன் திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போனவர் அங்கேயே இன்னொரு குடும்பம் பண்ணிக்கொண்டு தங்கிவிட்டார். அந்த மனுஷரைப் பற்றி இதற்கு மேல் எழுதுவதாக இல்லை.

அம்மா வீட்டுக்குத் திரும்பி வந்தேன். அரியலூரிலிருந்து கல்லங்குறிச்சி போகிற வழியில் எங்கள் ஊர். அப்பா போய் ரொம்ப காலமாகிவிட்டது, அம்மா மட்டும்தான். ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக வந்து என்ன ஆச்சு என்று கேட்டார்கள். கேட்டவர்கள் மேலெல்லாம் எரிந்து விழுந்தேன். அப்புறம் யாரும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதற்கும் எனக்குக் கோபம்தான் வந்தது. வாழாவெட்டி என்று முதுகுக்குப் பின்னால் சொன்னது காதில் விழாமல் இல்லை.

பெரம்பலூர் கடையில் எனக்கு முதலில் கிடைத்தது சேலை மடிக்கிற வேலை. ஒரு குடும்பம் வந்து பாயில் உட்கார்ந்தால் சேலை மலையாகக் குவிந்துவிடும். மணிக்கணக்காகப் பிரித்துப் பார்த்துவிட்டு, ஒன்றுகூட எடுக்காமல், பாத்துட்டு வரோம் என்று எழுந்து போவார்கள். அவர்கள் வம்சத்தையே முணுமுணுத்துக்கொண்டு நான் மடிப்பேன். காலையில் அரியலூர் வந்து, அங்கிருந்து பெரம்பலூர் பஸ் பிடித்து, சிமெண்டு லாரிப் புழுதியைத் தின்றுகொண்டு வந்து சேர்ந்தால், மடி, அடுக்கு, மறுபடி மடி. பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. நானும் யாரையும் சேர்த்துக்கொள்ளவில்லை.

ஒரு நாள் வாசலில் நின்று வரவேற்கிற பெண் லீவு போட்டுவிட்டாள். முதலாளி சுற்றும் முற்றும் பார்த்தார். அன்றைக்கு என் சேலை கொஞ்சம் புதுசாக இருந்தது. அதற்காக மட்டும்தான் என்னை வாசலில் நிறுத்தினார். அந்தப் பெண் வாங்க மேடம், வாங்க சார் என்பாள். எனக்கு அந்த மேடமும் சாரும் நாக்கில் ஒட்டவில்லை. எங்கள் வீட்டுக்கு யாராவது வந்தால் எப்படிக் கூப்பிடுவோமோ அப்படிக் கூப்பிட்டு வைத்தேன். வாங்க பெரியம்மா, வெயில்ல வந்துருக்கீங்க, மொதல்ல தண்ணி குடிங்க. வாங்க மாமா, அத்தைய எங்க வுட்டுட்டு வந்தீங்க. துண்டு எடுக்க வந்த ஒரு பெரியவர் நான் கேட்ட கேள்விக்கு வெட்கப்பட்டுச் சிரித்துவிட்டு, மறுநாள் நிஜமாகவே மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தம்மா ஒரு சேலை எடுத்தது.

அப்போது தெரிந்துகொண்ட ஒன்றை இன்றைக்கும் நான் நம்புகிறேன். சிரிப்பு எனக்கு உள்ளேயிருந்து வரவில்லை. முதலில் வாயில்தான் வந்தது. காலையில் கடுகடுவென்று வந்து நின்று, நாலு பேரை வாங்க என்று கூப்பிட்டால், ஐந்தாவது ஆள் வரும்போது எனக்கே கொஞ்சம் சந்தோஷமாகிவிடும். வருகிறவர்கள் முகமும் மாறும். வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்த புருஷன் பெண்டாட்டிகூட வாசலில் ஒரு நிமிஷம் சண்டையை நிறுத்துவார்கள். இது ஒன்றும் நடிப்பு இல்லை. நடிப்பாக ஆரம்பித்தது, அவ்வளவுதான்.

கொஞ்ச நாளில் என்னை மாடிக்கு, பட்டுப் பிரிவுக்கு ஏற்றினார்கள். கல்யாணப் பட்டு எடுக்க எங்கள் பக்கத்தில் பொண்ணு வீடும் மாப்பிள்ளை வீடும் சேர்ந்து ஒரு வேன் நிறைய வருவார்கள். பொண்ணுக்கு ஒரு கலர் பிடிக்கும், மாமியாருக்கு ஒரு கலர் பிடிக்கும், கடைசியில் ரெண்டு பேருக்கும் பிடிக்காத கலரை எடுத்துக்கொண்டு போவார்கள். எத்தனையோ கூட்டம் என் கண் முன்னாலேயே முறைத்துக்கொண்டு நின்றிருக்கிறது. நான் நடுவில் புகுந்து, சம்பந்தியம்மா, நீங்க கட்டிக்கப் போறீங்களா, உங்க மருமவ கட்டிக்கப் போறாளா என்று கேட்பேன். கேட்கிற விதத்தில் கேட்டால் யாருக்கும் கோபம் வராது. ஜெயங்கொண்டம், திருமழபாடி என்று தூரத்திலிருந்தெல்லாம் வந்து என்னைத்தான் தேடுவார்கள். மடிக்கிற பெண்ணாக வந்தவள் அந்த மாடிக்கே பொறுப்பானேன்.

ஒரு தடவை திருச்சியிலிருந்து ஒருத்தரைக் கூட்டி வந்து எங்களுக்கெல்லாம் வகுப்பு எடுக்க வைத்தார் முதலாளி. கோட்டு போட்டிருந்தார். எப்போதும் பாசிட்டிவ்வாக இருந்தால் ஆட்கள் தானாக வருவார்கள், தினமும் கண்ணாடி முன் நின்று நான் மகிழ்ச்சியாக இருக்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள் என்றார். வகுப்பு முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உங்க வெற்றிக்கு என்ன ரகசியம் என்று கேட்டார். என்னத்தைச் சொல்ல? வீட்டில் பேச ஆள் இல்லை சார், அதனால் இங்கே பேசுகிறேன் என்றேன். அவர் சிரித்தார். அதை விளையாட்டென்று எடுத்துக்கொண்டார்.

விளையாட்டு இல்லை. அம்மாவுக்குக் காது மந்தம். சாயங்காலம் நான் வந்து சேரும்போது டிவி அலறிக்கொண்டிருக்கும். வந்துட்டியா என்பாள், அதோடு சரி. நாளெல்லாம் பேசிய வாய்க்கு வீட்டுக்கு வந்ததும் ஒரு வார்த்தைகூட மிச்சம் இருக்காது. ஒரு நாள் அம்மா திடீரென்று சொன்னாள், கடையில சிரிக்கிறதுல கால்வாசி எனக்கு சிரிக்கக் கூடாதா என்று. சுருக்கென்றது. சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

எதிர் வீட்டில் மட்டும் எப்போதும் சத்தமாக இருக்கும். அங்கே ஒரு அக்கா. என்னைவிட நாலைந்து வயசு மூத்தவள். அவள் புருஷன் லாரி டிரைவர், ஆலத்தியூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போவார். தெருமுனையில் ஹாரன் அடித்துவிட்டுத்தான் வருவார், அக்கா உள்ளேயிருந்து திட்டிக்கொண்டே அடுப்பைப் பற்ற வைப்பாள். பிள்ளைகள் இல்லை. ரெண்டு பேரும் சண்டை போடுவதும் சிரிப்பதும் எங்கள் வீட்டுக்குள் கேட்கும். எனக்கு வயிறு எரியும், பொய் சொல்லக் கூடாது. ஆனாலும் அந்தச் சத்தம் ஒரு நாள் கேட்காவிட்டால் என்னவோ மாதிரி இருக்கும்.

முதலாளி அரியலூரில் ஒரு கடை திறக்கப் போவதாகச் சொன்னார். நீதாம்மா அந்தக் கடைய முழுசா பாத்துக்கணும் என்றார். வாழாவெட்டி என்று சொன்ன ஊருக்குப் பக்கத்தில், அந்த ஊர் ஜனமெல்லாம் வந்து போகிற டவுனில், ஒரு கடையின் பொறுப்பில் நான் உட்காரப் போகிறேன். எனக்கென்று வேறு எதையும் நான் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை. ஏன் என்னைப் போய் என்று கேட்டேன். "சேல எல்லாக் கடையிலயும் அதே சேலதாம்மா. உன் வாய்க்குத்தான் கூட்டம் வருது" என்றார்.

அந்தப் பங்குனியில் அம்மா செத்துப் போனாள். காலையில் எழுப்பப் போனேன், எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது. பெரியப்பா மகன் வந்து ஆக வேண்டியதைப் பார்த்தார். எதிர் வீட்டுக்காரர் லாரிக்குப் போகாமல் பந்தலுக்குக் கால் நட்டார். அக்கா என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நான் அழவில்லை. அழுகை வரவில்லை. அம்மா கேட்ட அந்தக் கால்வாசிச் சிரிப்பு மட்டும் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருந்தது.

சாவு வீட்டு முறை எல்லாருக்கும் தெரியும். வருகிறவர்களை வாங்க என்று கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் இன்னொரு சாவையும் சேர்த்துக் கூப்பிட்டதாக அர்த்தம். வருகிறவர்கள் பேசாமல் வருவார்கள். பெண்கள் கட்டிப் பிடித்து அழுவார்கள், ஆண்கள் கையைத் தொட்டுவிட்டு பெஞ்சில் போய் உட்காருவார்கள். போகும்போது போயிட்டு வரேன் என்று சொல்லாமல் எழுந்து போய்விடுவார்கள். சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். எனக்குத் தெரியாதா?

மத்தியானம் பந்தலில் மூச்சு முட்டியது. எழுந்து வாசலுக்கு வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த நேரம் பார்த்து ஒரு வேன் வந்து நின்றது. கடைப் பெண்கள் மாலையோடு இறங்கினார்கள், பின்னால் முதலாளி. வாசல், நான், வேனிலிருந்து இறங்கி வருகிற கூட்டம். வருஷக்கணக்காகப் பழகின வாய் என்னைக் கேட்கவில்லை. "வாங்க, வாங்க, உள்ள வாங்க" என்று சொல்லிவிட்டது. அது மட்டுமா, முகமும் சேர்ந்து சிரித்தது. பல் தெரிய, பட்டு எடுக்க வந்தவர்களைப் பார்த்துச் சிரிக்கிற அதே சிரிப்பு.

மேளம் அடித்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். கடைப் பெண்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். உள்ளேயிருந்து என் அத்தை, எங்கள் தெருவிலேயே வாழ்க்கைப்பட்ட அப்பாவின் தங்கை, எழுந்து வந்தாள். "பொணத்தப் போட்டுக்கிட்டு வாங்கன்னு சிரிக்கிறாளே, இவளுக்கு என்ன புடிச்சிருக்கு?" என்றாள். தெரு முழுக்கக் கேட்டது. யாரோ என் தோளைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்தார்கள். அப்புறம்தான் அழுகை வந்தது. அம்மாவுக்காக அழுதேனா, மானம் போனதற்கு அழுதேனா, எனக்கே தெரியவில்லை. ரெண்டுக்கும்தான்.

இதோடு போயிருந்தால் ஊர் நாலு நாள் பேசி ஓய்ந்திருக்கும். அம்மா காரியம் முடிந்து ஒரு மாசம் ஆவதற்குள் எதிர் வீட்டுக்காரர், கல் இறக்கப் போன இடத்தில் லாரியில் ஸ்டீயரிங் மேலேயே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு என்றார்கள். உடம்பைக் கொண்டு வந்து இறக்கும்போதே தெருவில் பேச்சு கிளம்பிவிட்டது. அவ கூப்புட்டா, வந்துருச்சு. இந்த மூணு வார்த்தைதான். யார் முதலில் சொன்னது என்று கண்டுபிடித்து என்ன ஆகப் போகிறது? எல்லாரும் சொன்னார்கள்.

நான் எழுந்து எதிர் வீட்டுக்குப் போனேன். என் அம்மாவுக்குப் பந்தல் கால் நட்டவர், போகாமல் இருக்க முடியுமா? பந்தல் ஓரத்தில் போய் நின்றதும் அங்கே உட்கார்ந்திருந்த பெண்கள் என்னைப் பார்த்தார்கள், பார்த்துவிட்டு ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி தன் பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளே அக்கா கத்திக்கொண்டிருந்தது கேட்டது. மறுபடி என் வாய் ஏதாவது செய்துவிடுமோ என்று பயந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. அப்படியே திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். அதற்கப்புறம் அந்தத் தெருவை நான் குறுக்கே கடக்கவில்லை.

கடைக்குத் திரும்பிப் போனேன். வாங்க என்று சொல்ல வாயைத் திறந்தால் சத்தம் வரவில்லை. நிஜமாகவே வரவில்லை. தலையை ஆட்டினேன், கை கூப்பினேன், பாயைக் காட்டினேன். முதலில் எல்லாரும் பாவம், அம்மா போன துக்கம் என்றார்கள். ஆடித் தள்ளுபடி வந்தது, ஜனம் நெரித்துக்கொண்டு வந்தது. என்னைத் தேடி வந்த கூட்டம் என் முன்னால் வந்து உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, கொஞ்ச நேரத்தில் பக்கத்துப் பாய்க்கு நகர்ந்து போனது. அக்காவுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டுவிட்டுத்தான் போனார்கள், கெட்டவர்கள் இல்லை. ஆனால் போனார்கள். சிரிக்கிறவரைக்கும்தான் நான் அவர்களுக்கு அக்கா என்று நினைத்து நினைத்து வெந்தேன்.

முதலாளி பொறுத்துப் பார்த்தார். ஆடி முடியும்போது கூப்பிட்டுப் பேசினார். கடுமையாக ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "ஆவணியில அரியலூர்க் கடை திறப்பு. அன்னைக்கு வாசல்ல நீதான் நிக்கணும். முடியலன்னா வேற பொண்ண வச்சுக்கறேம்மா. நீ இங்கயே மடிக்கிற எடத்துல இருந்துக்க" என்றார். மடிக்கிற இடம். எங்கே ஆரம்பித்தேனோ அங்கே.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து பூட்டைத் திறப்பேன். வந்துட்டியா என்று கேட்க ஆள் இல்லை. டிவியைப் போடுவேன், அம்மா வைக்கிற அதே சத்தத்துக்கு வைப்பேன். எதிர் வீட்டிலும் சத்தம் இல்லை. ஹாரன் இல்லை, திட்டு இல்லை, அடுப்புப் புகைகூட சில நாள் வராது. தெருக்காரர்கள் என் வீட்டுக்கும் வரவில்லை, அந்த வீட்டுக்கும் போகவில்லை. நான் கூப்பிட்டவள், அவள் இழந்தவள். நடுவில் ஒரு மண் ரோடு. ஜன்னல் வழியாக அக்கா வாசல் பெருக்குவதைப் பார்ப்பேன். அவள் நிமிர்ந்தால் ஜன்னலைச் சாத்திவிடுவேன்.

அந்தக் கோட்டுக்காரர் சொன்னதைக்கூடச் செய்து பார்த்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். பீரோக் கண்ணாடி முன்னால் நின்று வாங்க என்று சொல்லப் பார்த்தேன். வெறும் வீட்டில் அந்த வார்த்தையைச் சொல்ல பயமாக இருந்தது. சொன்னால் யார் வருவார்கள்? கண்ணாடியில் ஒரு கிழவி பல்லைக் காட்டிக்கொண்டு நின்றாள். துணியை எடுத்து மூடிவிட்டேன்.

கடை திறப்புக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம். கேட்டுக்கு வெளியே யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. எட்டிப் பார்த்தால் எதிர் வீட்டு அக்கா. பொட்டு இல்லாத நெற்றி, ஒரு பழைய நைலக்ஸ் சேலை. உங்க பைப்புல தண்ணி வருதா என்று கேட்டாள். வருது என்றேன். அது கேட்க வந்ததில்லை என்று ரெண்டு பேருக்கும் தெரியும். அவள் கேட்டைத் திறக்கவில்லை. புருஷன் செத்த வருஷம், கூப்பிடாமல் யார் வீட்டுக்குள்ளும் கால் வைக்க மாட்டாள். அதுவும் முறைதான்.

"எதுத்தாப்புல ஒருத்தி இருக்காளா செத்தாளான்னு பாக்கத் தோணலையா புள்ள உனக்கு?" என்றாள்.

நான் கொட்டித் தீர்த்தேன். ஊரே என் வாயால்தான் என்று சொல்லும்போது எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு வருவது, உங்களைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருக்கிறது என்றேன். அக்கா அலட்சியமாகக் கையை ஆட்டினாள். அந்த மனுஷனுக்கு ரெண்டு வருஷமாக நெஞ்சு வலி, ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால் கேட்கமாட்டார், பீடியை விடச் சொன்னால் கேட்கமாட்டார், நீ கூப்பிட்டதாலா போனார் என்று கேட்டாள். அவள் குரல் உடைந்தது. உடைந்ததும் கோபமும் கூடிக்கொண்டது.

"சாவுக்கு நீ வாசலோட திரும்பிப் போன. பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன், சரின்னு வுட்டுட்டேன். பெரம்பலூருக்குப் போயி தெரியாதவளையெல்லாம் வாங்க வாங்கங்கிற. இத்தன நாள்ல எதுத்த வூட்டுக்காரிய ஒரு நாளு வான்னு கூப்புட்டியா நீ?"

சொல்லிவிட்டு நின்றாள். நிற்பது எதற்கென்று எனக்குப் புரிந்தது. நான் ஒரு வார்த்தை சொன்னால் கேட்டைத் திறந்து உள்ளே வந்துவிடுவாள். வாயைத் திறந்தேன். வரவில்லை. அவள் நெற்றியைப் பார்த்தேன், அவள் வீட்டு வாசலில் பந்தல் கால் நட்டிருந்த குழி தெரிந்தது. அக்கா இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் போயிட்டு வரேன் என்றுகூடச் சொல்லாமல் திரும்பித் தன் வீட்டுக்குள் போனாள். சாவு வீட்டிலிருந்துதான் அப்படி எழுந்து போவார்கள். என் வீடு அவளுக்கு அப்படியாகிவிட்டது என்று தெரிந்தபோது, அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதேன்.

திறப்பு நாள். அரியலூர்க் கடை வாசலில் வாழைமரம், சீரியல் லைட்டு, பன்னீர் தெளிக்க ஒரு ஆள். முதலாளி குடும்பத்தோடு வந்து விளக்கேற்றி முடித்திருந்தார். கடை கொடுத்த புதுச் சேலையைக் கட்டிக்கொண்டு வாசலின் இந்தப் பக்கம் நான் நின்றேன். அந்தப் பக்கம் பெரம்பலூர் மாடியிலிருந்து இன்னொரு பெண்ணை நிறுத்தியிருந்தார் முதலாளி. எதற்கென்று கேட்க வேண்டியதில்லை. அவள் வாங்க மேடம், வாங்க சார் என்று கிளிப்பிள்ளையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கை கூப்பிக்கொண்டு ஊமையாக நின்றேன். முதலாளி கல்லாவிலிருந்து என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

எங்கள் தெருக்காரர்கள் ஒரு கூட்டமாக வந்தார்கள். முன்னால் அத்தை, கூட அவள் மருமகள். என்னைக் கண்டதும் படிக்குக் கீழேயே நின்று எதையோ குசுகுசுத்தார்கள். ஏறவும் இல்லை, போகவும் இல்லை. நான் கூப்பிட்டால் ஏறலாமா என்றா, கூப்பிட்டுவிடுவேனோ என்றா, எந்த நினைப்பில் நின்றார்களோ. என் கை கூப்பினபடி இருந்தது. முதலாளி முகத்தைத் திருப்பி மகனிடம் ஏதோ சொன்னார். முடிந்தது என்று நினைத்தேன். மறுபடி மடிக்கிற இடம், அந்தப் பூட்டு, அந்த டிவி.

கடைக்கு எதிரே ரோட்டைத் தாண்டி பஸ் நிறுத்தம். அங்கே மஞ்சப் பையோடு எதிர் வீட்டு அக்கா நின்றாள். மாசாமாசம் சர்க்கரை மாத்திரை வாங்க அரசாங்க ஆஸ்பத்திரிக்கு வருவாள், அன்றைக்கும் அப்படி வந்தவள்தான். வாழைமரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பார்த்த மறு நிமிஷம் சட்டென்று நிழலுக்குள் நகர்ந்து, கடைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். நல்ல காரியம் நடக்கிற இடத்தில் தன் முகம் படக் கூடாது என்று அவளாகவே திரும்பிக்கொண்டாள்.

எனக்குக் கோபம் வந்தது. அப்படி ஒரு கோபம் வந்து எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும். அவள் மேல் கோபம், படிக்குக் கீழே நிற்கிற அத்தை மேல் கோபம், எல்லாவற்றுக்கும் மேலாக கேட்டுக்கு உள்ளே ஊமையாக நின்ற என் மேல் கோபம். எவள் முதுகைக் காட்டச் சொன்னது இவளை? நான் படியில் இறங்கி ரோட்டு ஓரத்துக்கே போய்விட்டேன்.

"அக்கா, அங்க என்ன நிக்கிறீங்க? வாங்க. உள்ள வாங்க" என்று கத்தினேன்.

வரவேற்கிற குரல் இல்லை அது. சண்டைக்குக் கூப்பிடுகிற குரல். பன்னீர் தெளிக்கிறவர் கையை நிறுத்திக்கொண்டார். நல்ல நாளும் அதுவுமா என்று அத்தை வாயில் கை வைத்தாள். முதலாளி நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். போனால் போகட்டும் என்று இருந்தது எனக்கு. கடையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், இவள் திரும்பினால் போதும் என்று இருந்தது.

அக்கா திரும்பினாள். கையை நீட்டி வேண்டாம் என்றாள். நான் மறுபடியும் வாங்க என்றேன், அதைவிடச் சத்தமாக. ஒரு சிமெண்டு லாரி போகட்டும் என்று நின்றுவிட்டு, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, ரோட்டைக் கடந்து வந்தாள். என் பக்கத்தில் வந்ததும் அத்தையை ஓரக்கண்ணால் ஒரு பார்வை பார்த்தாள். குனிந்து எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"கூப்புட்டுட்டல்ல. அடுத்து யாரு போறான்னு பாப்போம். உங்கத்தைதான் கிட்டக்க நிக்கிறா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயில் ஆரம்பிக்கவில்லை. வயிற்றிலிருந்து குபீரென்று வந்தது, நிறுத்த முடியவில்லை. அக்காவும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள், கண்ணில் தண்ணீர் வழிய வழிய. ரெண்டு பேரும் கடை வாசலில் ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு நின்றோம். சாவுக்குக் கட்டிப் பிடித்து அழாமல் விட்டோமே, அது அப்போதுதான் நடந்தது என்று நினைக்கிறேன். ரோட்டில் போனவர்கள் என்னமோ ஏதோவென்று நின்று பார்த்தார்கள். முதலாளி எழுந்த பாதியிலேயே உட்கார்ந்தார், அந்தப் பக்கம் நின்ற பெண்ணை உள்ளே போகச் சொன்னார்.

அத்தைக்கு இருப்புக் கொள்ளவில்லை. மருமகளை விட்டுவிட்டு விறுவிறுவென்று எங்களிடம் வந்தாள். என்னடி அப்படி ஒரு சிரிப்பு, எனக்கும் சொல்லுங்களேன் என்று அக்கா முகத்தையும் என் முகத்தையும் பார்த்தாள்.

"ஒன்னுமில்லத்தை, உள்ள வாங்க" என்றேன்.